மீளாத நேய்: ‘ஃபேண்டசி ஸ்டார் 2’ ஒரு திறனாய்வு

செகா நிறுவனம் தன் மெகா டிரைவ் கன்சோலுக்காக 1989-இல் ஜப்பானில் வெளியிட்ட ‘ஃபேண்டசி ஸ்டார் 2’ பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. கதைக்காக அதைக் கொண்டாடுவோர் ஒரு பக்கம். பொறுமையைச் சோதிக்கும் ஆட்டம் என்று ஒதுக்குவோர் மறுபக்கம். இரு கட்சியும் கதையை ஒரு தட்டிலும் ஆட்டத்தை மறு தட்டிலும் வைத்து நிறுக்கின்றன. இந்தக் கேமுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இதன் சிறந்த தருணங்களில் ஆட்ட விதியேதான் கதை சொல்கிறது. இது சரியும் இடங்களில் அதே விதி கதையை நட்டாற்றில் விட்டுவிடுகிறது.

களம் மோட்டா என்ற கோள். முதல் பாகத்தில் பாலைவனமாக இருந்தது, ஆயிரம் ஆண்டுகள் கழித்துப் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. மழை, விளைச்சல், மக்களின் அன்றாடம் எல்லாவற்றையும் மதர் பிரெயின் என்ற கணினி பார்த்துக்கொள்கிறது. உழைக்கத் தேவையே இல்லை என்று ஊர்க்காரர்கள் நிம்மதியாகச் சொல்கிறார்கள். இந்தச் சொகுசுக்கு நடுவே உயிரியல் ஆய்வகத்திலிருந்து கொடிய விலங்குகள் பெருகி ஊர்களை அழிக்கின்றன. காரணத்தைக் கண்டுபிடிக்க ரால்ஃப் என்ற அரசு முகவரை அனுப்புகிறார்கள். அவனுடன் போகிறவள் நேய். பாதி மனிதப் பிறவி, பாதி விலங்குப் பிறவி. பிறந்து மாதக் கணக்கிலேயே வளர்ந்து நிற்கும் பெண்.

வாளும் மந்திரமும் கோட்டையுமாக வந்துகொண்டிருந்த காலத்துக் கன்சோல் கேம்களுக்கு நடுவில் இப்படி ஒரு கருவை எடுத்ததே துணிச்சல். கருவின் துணிச்சலுக்கு மட்டும் நான் மதிப்பெண் போட மாட்டேன். அது விதியாக மாறியதா என்பதுதான் கேள்வி. மாறியிருக்கிறது. ஊருக்கு ஊர் குளோன் கூடங்கள் இருக்கின்றன. சண்டையில் யார் செத்தாலும் அங்கே போய் மெசெட்டாப் பணத்தைக் கட்டினால் எழுந்து வந்துவிடுவார்கள். மணிக்கணக்கில் ஆடும்போது சாவு ஒரு கடைச் செலவாக நமக்குப் பழகிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் நேய் தன் மூலப் பிறவியான நேய்ஃபர்ஸ்ட்டைத் தனியாக எதிர்கொண்டு மடிகிறாள். அவளை மட்டும் எந்தக் கூடமும் மீட்பதில்லை. காசு கொடுத்தால் உயிர் கிடைக்கும் என்று நம்மைப் பழக்கிய கேம், அந்த நம்பிக்கையையே பறிக்கிறது. மதர் பிரெயினை நம்பிய மோட்டா மக்களின் நிலைக்கு ஆடுபவர் தாமே வந்துசேர்கிறார். வெறும் காட்சியால் இதைச் சாதிக்க முடியாது. ‘ஃபைனல் ஃபேண்டசி 7’-இல் ஏரித் இறந்ததைப் பேசுகிறவர்கள், அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் வந்த இந்தச் சாவைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுட்பம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ரால்ஃபின் துணைவர்களில் ஹ்யூ உயிரியலாளன்; விலங்குகளிடம் அவன் திறமை செல்லும். கெய்ன் இயந்திரங்களை உடைப்பதில் தேர்ந்தவன். நேய்ஃபர்ஸ்ட்டின் சாவுக்குப் பிறகு விலங்குகள் மறைந்து அரசின் ரோபோக்கள் துரத்த ஆரம்பிக்கின்றன. அதோடு ஹ்யூ ஏறக்குறையப் பயனற்றவனாகிறான், கெய்ன் இல்லாமல் நடக்காது என்றாகிறது. எதிரி யார் என்பது மாறிவிட்டதை வசனமே இல்லாமல் அணி மாற்றத்திலேயே உணர்த்துகிறார்கள்.

இனி மறுபக்கம். மோட்டாவின் மழையை ஆளும் வானிலைக் கூடம் வெடித்தபின் வெள்ள அபாயம். நான்கு அணைகளைத் திறந்தாக வேண்டும். அவசரத்தின் உச்சம் இது. ஆனால் அந்த நான்கு அணைகளும் நான்கு பெரிய டன்ஜன்கள். அடுக்கடுக்கான தளங்கள், ஒன்றைப் போலவே இன்னொன்றாக மாடிமாற்றிகள், தப்பான ஒன்றில் ஏறினால் முட்டுச் சந்து. சில அடிக்கு ஒரு சண்டை. கேமுக்குள் வரைபடம் கிடையாது. நாள்கணக்கில் சுற்றினாலும் வெள்ளம் வருவதில்லை. டெசோ கோளில் நேயின் பெயர் தாங்கிய ஆயுதங்களைத் தேடி அலையும் டன்ஜன்களில் சொல்வதற்குக் கதையே தீர்ந்துபோயிருக்கிறது. நேரம் மட்டும் கரைகிறது. முதல் பாகத்தில் கண்முன் நகர்ந்த முப்பரிமாண டன்ஜன்களைக் கைவிட்டதற்கு ஈடாக இங்கே எதுவும் தரப்படவில்லை. சண்டைக் களமோ எங்கே போனாலும் ஒரே நீலக் கட்டக்கோடு.

இந்தச் சலிப்பு திட்டமிட்டது, நம்பிக்கையற்ற உலகின் களைப்பை நமக்குக் கடத்துகிறது என்று வாதிடுவோர் உண்டு. நான் ஏற்கவில்லை. திட்டமிட்ட களைப்பு என்றால் அது ஏதாவது ஒரு இடத்தில் பொருள் கொண்டு திரும்பி வர வேண்டும், குளோன் கூடத்தின் பழக்கம் திரும்பி வருவதைப்போல. அணைகளின் களைப்பு அப்படித் திரும்புவதே இல்லை. அமெரிக்காவில் விற்றபோது பெட்டிக்குள்ளேயே வரைபடங்கள் நிறைந்த வழிகாட்டிப் புத்தகத்தைச் செகா வைத்துக் கொடுத்தது. அந்தத் துணை தேவைப்படும் என்று விற்றவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நேயைத் தவிர மற்றத் துணைவர்கள் ரால்ஃபின் வீட்டுக் கதவைத் தட்டி ஓரிரு வரி பேசிவிட்டு, இறுதிக் காட்சிவரை வாய் திறப்பதில்லை. மனைவியையும் மகளையும் விலங்குகளுக்குப் பறிகொடுத்த ருடோவின் துயரம் அறிமுகத்தோடு முடிகிறது. வழியில் வரும் டாரம் என்ற கொள்ளையனுக்குக் கிடைத்த கவனம்கூட ருடோவுக்கு இல்லை. கடத்தப்பட்ட மகளை மீட்கப் பணம் சேர்க்கிறேன் என்று வழிப்போக்கர்களைக் கொன்றவன், முகத்திரையோடு வந்த அதே மகளை அடையாளம் தெரியாமல் கொன்று, தானும் சாகிறான். சில நிமிடமே ஓடும் இந்தப் பகுதி, எல்லாம் கிடைக்கும் உலகில் காவல் எவ்வளவு உலர்ந்துபோயிருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதாமல் விட்டதுதான் எனக்குக் கோபம்.

முடிவு அந்தக் கோபத்தை ஓரளவு தணிக்கிறது. தன்னை அழித்தால் மக்கள் வாழ வழியின்றித் தவிப்பார்கள் என்று மதர் பிரெயின் எச்சரிக்கிறது. அது பொய் இல்லை. அதைப் படைத்தவர்கள் சொந்தக் கோளைப் பாழாக்கிவிட்டு ஓடிவந்த பூமி மனிதர்கள். ரால்ஃபின் அணியில் எஞ்சியவர்கள் அந்தப் பூமி மனிதர்கள்மேல் பாய்கிறார்கள். ஒவ்வொருவர் முகமும் திரையில் வந்து ஒரு வார்த்தை சொல்கிறது. யார் பிழைத்தார் என்று காட்டாமலே கேம் முடிகிறது.

1993-இல் வந்த நான்காம் பாகம் வேகமானது, சீரானது. சித்திரக்கதைக் கட்டங்களால் எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுத்தது. கைவினையில் அதுவே மேல், சந்தேகமில்லை. ஆனால் அதன் விதிகள் நன்றாக இயங்குகின்றன, அவ்வளவே. இரண்டாம் பாகத்தின் விதிகள் நேய் சாகும்வரை சிந்திக்கின்றன. என் தீர்ப்பு: முதற்பாதி இத்துறையின் முதல்வரிசைப் படைப்பு, அணைகள் தொடங்கி டெசோவின் கடைசி டன்ஜன்வரை வெட்டி எறிந்திருக்க வேண்டிய நீளம். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆடுங்கள். 2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ஜப்பானிய மறுஆக்கத்தில், முந்தைய பாகத்தின் மறுஆக்கச் சேமிப்பு இருந்தால் நேயை உயிர்ப்பிக்க வழி வைத்தார்கள். பல குறைகளைத் திருத்திய அந்தப் பதிப்பு, திருத்தவே கூடாத ஒன்றையும் திருத்திவிட்டது. ஆடுவதென்றால் 1989-இன் மூலத்தையே ஆடுங்கள்.