காது வழி வந்த விண்கலம்

வடுகபட்டியில் பூண்டுச் சந்தை கூடுவது வியாழனும் ஞாயிறும். எண்பதுகளில் என் தாய்மாமா மதுரையில் ஒரு பூண்டுக் கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை லாரியோடு ஊருக்கு வருவார். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கிய மூட்டைகளை எடைபோட்டு முடித்தபின், பூண்டுத்தோல் காலடியில் சரசரக்க ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து, தூர்தர்ஷனில் ஞாயிறு காலை பார்த்த ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்கலத் தொடரை எங்களுக்குச் சொல்வார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. படத்தைப் பார்த்தார்; கதையை அவரே போட்டுக்கொண்டார்.

"அந்தக் கூர்க்காதுக்காரன் யாரு மாமா?"

"அவன் கப்பலுக்குக் கணக்கப்பிள்ளைடா. சிரிக்க மாட்டான், அழுக மாட்டான், கணக்குல ஒத்தப் பைசா விட மாட்டான்."

அந்தக் கூர்க்காதுக்காரன் பெயர் ஸ்பாக், பதவி அறிவியல் அதிகாரி என்பது எனக்குத் தெரியப் பல வருஷம் ஆனது. மாமா சொன்னதில் பெரிய பிசகு இல்லை. அமெரிக்காவில் 1967லேயே ரசிகர்கள் 'ஸ்பாக்கனேலியா' என்று ஒரு சிற்றிதழ் நடத்தி, ஸ்பாக்கை வைத்துத் தாங்களே எழுதித் தீர்த்தார்கள். தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும் என்பிசி நிறுவனத்துக்குக் கடிதம் கடிதமாக அனுப்பி மூன்றாம் பருவத்தை வாங்கியும் விட்டார்கள். சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த மாமாவும் அந்த ஜாதிதான். தபால் செலவு மட்டும் அவருக்குக் கிடையாது.

தமிழில் வந்த அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்தில் பட்டியல் தீர்ந்துவிடும். காதால் கேட்ட அறிவியல் புனைவு என்றால் கதை வேறு. அந்தக் காதுக்குத் தீனி போட்டதில் எங்கள் ஊர்ப்பக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1986இல் வந்த 'விக்ரம்' படத்தை எடுத்துக்கொள்வோம். அக்னிபுத்ரா என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது. அதைத் தேடி சலாமியா என்ற இல்லாத நாட்டுக்குப் போகிறார்கள். கதை சுஜாதா. குமுதத்தில் தொடராகவும் வந்தது. இசை எங்கள் பக்கத்துப் பண்ணைப்புரத்து இளையராஜா. பாட்டெழுதியவர் வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து. வைகை அணைக்காகக் காலிசெய்யப்பட்ட மேட்டூர் கிராமத்திலிருந்து அவர் குடும்பம் இங்கே வந்தது. படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. சலாமியாக் காட்சிகள் இன்று பார்த்தால் சர்க்கஸ் கூடாரம்போல இருக்கின்றன. ஆனால் கணினி ஒலிகளோடு தொடங்கும் அந்தத் தலைப்புப் பாட்டு? கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அது கிளம்பினால், பந்தி பரிமாறுகிறவர்கூட ஒரு விநாடி வாளியோடு நின்றுவிடுவார். படத்தில் வராத எதிர்காலம் கேசட்டில் வந்தது என்று நான் சொல்வேன்.

அந்தக் குழாய் ஸ்பீக்கரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அப்போதெல்லாம் திருவிழாவுக்கு மைக்செட்காரர் வந்தால் பாட்டோடு 'கதை வசனம்' ரெக்கார்டும் கொண்டுவருவார். முழுப் படமும் காதிலேயே ஓடும். வானொலியில் இதற்கு 'ஒலிச்சித்திரம்' என்று அழகான பெயர். பிம்பத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குரலை மட்டும் ரசிப்பது நமக்குப் பழக்கப்பட்ட சங்கதி.

பிரிட்டனில் இதே பழக்கம் ஒரு தொடரையே காப்பாற்றியது. 'டாக்டர் ஹூ' 1963இல் தொடங்கியது. பழைய நாடாக்களை பிபிசி அழித்து மறுபடி பயன்படுத்தியதில், அறுபதுகளின் பாகங்களில் கிட்டத்தட்ட நூறு காணாமல் போயின. ஆனால் அவற்றின் ஒலி அத்தனையும் இன்று கிடைக்கிறது. காரணம், வீட்டில் டிவி முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த பையன்கள். தொடர் 1989இல் நின்றபின், 1999 முதல் பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் பழைய நடிகர்களையே அழைத்துப் புதிய ஒலி நாடகங்களை வெளியிட்டது. ரசிகர்களாக இருந்தவர்கள் ஆரம்பித்த வேலை அது. 1996இல் டாக்டராக நடித்து ஒரேயொரு தொலைக்காட்சிப் படத்தோடு நின்றுபோன பால் மெக்கான், அந்த நாடகங்களில்தான் முழு டாக்டராக வளர்ந்தார்.

நமக்கு அப்படி ஒலி நாடகமாக அமைந்திருக்க வேண்டியது 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய தொடர்; 2021ஆம் ஆண்டு, ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பின்னால் தூர்தர்ஷனிலும் நாடகமாக வந்தது. ஜீவாவையும் கதாநாயகி நிலாவையும் மறந்தவர்கள்கூட ஜீனோவை மறக்கவில்லை. புத்தகம் படித்துத் தர்க்கம் பேசும் இயந்திர நாய் அது. டாக்டர் ஹூவில் 1977இலேயே கே-9 என்ற இயந்திர நாய் வந்துவிட்டது, அதுவும் பேசும். ஆனால் கே-9 கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் ரகம், ஜீனோ நம்மைக் கேள்வி கேட்கும் ரகம். எங்கள் தெருவில் ஒரு நாட்டு நாய்க்கு ஜீனோ என்று பெயர் வைத்தார்கள். படிப்பு ஏறவில்லை. ஜீனோவின் உயிர் முழுக்க அதன் பேச்சில் இருக்கிறது. அதற்கு வேண்டியது நல்ல குரல்; நாய்பொம்மை எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

தனியார் தொலைக்காட்சிகள் வந்தபின் அறிவியல் புனைவு வேட்டி கட்டிக்கொண்டது. மதுரையில் வாழ்ந்து 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்மதேசம்' வரிசையில், நாகா இயக்கிய 'விடாது கருப்பு' காவல் தெய்வத்தில் தொடங்கி மனநோய் மருத்துவத்தில் போய் நிற்கும். குதிரைக் குளம்பொலியையும் தலைப்பு இசையையும் கேட்டுப் போர்வைக்குள் புகுந்தவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். பிறகு வந்தவை டப்பிங் தொடர்கள். சுட்டி டிவியில் ஜாக்கி சான் பேசிய தமிழுக்கு இன்றைக்கும் ரசிகர் கூட்டம் இருக்கிறது. 2020இல் அமேசான் பிரைமில் வந்த 'டைம் என்ன பாஸ்' காலப் பயணத்தை வாடகை வீட்டுக்குள் கொண்டுவந்தது. யோசனை நல்ல யோசனை, சிரிப்புத்தான் பாதியில் தீர்ந்துபோனது.

ரசிகர் பண்பாடு என்று தேடினால் நான் சிவகாசியைக் காட்டுவேன். அங்கிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாகப் போட்டது 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறையும், கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். பிரிட்டிஷ் சரக்குதான். மாயாவி என்ற பெயர் விழுந்ததும் நம்மவர் ஆகிவிட்டார். லயன் காமிக்ஸின் ரோபோ ஆர்ச்சிக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'சட்டித்தலையன்'. இவர்கள் ஆகஸ்ட் மாதம் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டிக் கூடுகிறார்கள். முகமூடி, வேஷம் எதுவும் கிடையாது. சட்டைப் பையில் ரீடிங் கிளாஸ், கையில் பழைய இதழ்களுக்கான பட்டியல். எந்த இதழில் எந்த வசனம் என்று அடித்துப் பேசும்போது குரல் மட்டும் பத்து வயசுக்குப் போய்விடும்.

'எந்திரன்' பாடல்கள் 2010 ஜூலை 31 அன்று மலேசியாவில் வெளியாயின. படம் வந்தது அக்டோபர் 1. நடுவில் இரண்டு மாதம், ரோபோவைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருந்தோம். 'புதிய மனிதா' மறுபடியும் வைரமுத்து எழுதியது. நம்மூர்க்காரர் பாட்டு என்று செல்போன் கடையில் மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு, சுமை தூக்குகிறவர்கள் மண்டி வாசலில் ஓடவிட்டார்கள். கணக்கு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்ட மாமாவும் அங்கேதான் அதைக் கேட்டார். படம் வந்ததும் தேனிக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது பஸ்ஸில் வெகுநேரம் பேசவில்லை. பெரியகுளம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்:

"பாட்டுல இருந்த ரோபோ இன்னும் உசரமா இருந்துச்சுடா."