நோயின் பெயரும் பண்ணையாளரின் நஷ்டமும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கோழி வளர்ப்பவர்களுக்கு வெள்ளைக்கழிச்சல் பழகிய நோய். பச்சையாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்து திருகிக் கோழிகள் சாகும். கடுமையான பறவைக் காய்ச்சலிலும் சாவு ஏறக்குறைய இப்படித்தான். கைதேர்ந்த கால்நடை மருத்துவராலும் கண்ணால் பார்த்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. ஆனால் பறவைக் காய்ச்சல் என்றால் சுற்றுவட்டாரக் கோழிகளையும் கொன்று புதைக்க வேண்டும். அப்படிக் கொன்ற கோழிகளுக்கு அரசு இழப்பீடு தரும். வெள்ளைக்கழிச்சல் என்றால் நஷ்டம் முழுக்க வளர்த்தவர் தலையில்.

மரபணுச் சோதனை இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. தொண்டையிலும் எச்சத்துளையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து பி.சி.ஆர். செய்தால் சில மணி நேரத்தில் விடை வரும்; கரு வளரும் கோழி முட்டையில் வைரஸை வளர்த்துப் பார்க்கப் பல நாட்கள் ஆகும். வெள்ளைக்கழிச்சல் வைரஸின் 'எஃப்' புரதம் வெட்டுப்படும் இடத்தின் மரபணு வரிசையைப் படித்தால், அது கொல்லும் வகையா, சாதுவான வகையா என்பதும் தெரியும்.

அந்த இடத்தைப் படிக்காமல் 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதித் தரும் அறிக்கையை நம்ப முடியாது. வெள்ளைக்கழிச்சலுக்குக் கொடுக்கும் லசோட்டா தடுப்பு மருந்தில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான். மருந்து கொடுத்த சில நாட்களில் சோதித்தால் அதுவும் பாசிட்டிவ் காட்டும். இன்னொரு அவசரத் தீர்ப்பும் உண்டு. லசோட்டா இரண்டாம் மரபணு வகை, இந்தியப் பண்ணைகளில் கண்டறியப்படுபவற்றில் ஏழும் பதின்மூன்றும் அடக்கம், ஆகவே மருந்து பயனற்றது என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. வகை வேறானாலும், முறையாகக் கொடுத்த மருந்து சாவைப் பெரும்பாலும் தடுக்கிறது. வைரஸ் பரவுவதைத்தான் முழுதாக நிறுத்துவதில்லை. குளிரில் வைக்காமல் கெட்டுப்போன மருந்து பலிக்காததற்கு மரபணு வகையைக் குறை சொல்வது நியாயமில்லை.

பெரிய குறை தூரம். 2024 பிப்ரவரியில் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் கோழிகள் செத்தபோது, பறவைக் காய்ச்சல் என்று உறுதி செய்தது தொலைவிலுள்ள போபால் ஆய்வகம். ஆனால் நோயைச் சுமந்து வரக்கூடிய வலசைப் பறவைகள் இறங்கும் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் நேலப்பட்டுச் சரணாலயமும் திருப்பதி மாவட்டத்திலேயே இருக்கின்றன. பத்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் மாதிரி அனுப்புவதில்லை. சீக்குக் கோழி சந்தைக்குப் போய்விடுகிறது. மாதிரி வராத ஊரை நோயில்லாத ஊர் என்று நோய்ப் பரவல் வரைபடம் காட்டும்.

திருப்பதியில் கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கிறது. மாதிரியை அங்கே கொண்டுபோக, மண்டலந்தோறும் கால்நடை மருத்துவமனைகளுக்கு ஐஸ் பெட்டியும் வண்டியும் கொடுங்கள். முடிவைப் பண்ணையாளருக்குத் தெலுங்கிலும் தமிழிலும் சொல்லுங்கள். வளர்ப்பவர்களே, கோழிகள் கூட்டமாகச் செத்தால் விற்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.