ஒன்பதாம் வகுப்பு கட்டிய இணையதளம்!

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தாலும் சரி, சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. தமிழாசிரியையாக இத்தனை வருடங்கள் வகுப்பில் நின்றிருக்கிறேன். பிள்ளைகள் கூடி வேலை செய்வதை இவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை! புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. அதன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், தமிழில் சிறுவர்களுக்காக எழுதியவர்களைப் பற்றி ஓர் இணையதளம் செய்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் செல்போனை நீட்டி அதைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறேன்.

குழுவாகச் செய்யும் வேலை என்றால் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவன் சார்ட் பேப்பர் வாங்கி வருவான். கையெழுத்து நன்றாக இருக்கிற பிள்ளை உட்கார்ந்து முழுவதையும் எழுதுவாள். மற்றவர்களின் பெயர் கீழே வரிசையாக வரும். அவ்வளவுதான். இணையதளத்தில் அந்தக் கதை நடக்காது. ஒரு பக்கத்தில் இருக்கிற பெயரைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் அடுத்த குழுவின் கையில் இருக்கிறது. அவர்கள் முடிக்காதவரை இவர்களுடையதும் முடியாது. "எங்க வேலை முடிஞ்சுது டீச்சர்" என்று கைகட்டி உட்கார யாராலும் முடியாது. அடுத்த குழுவிடம் போய்க் கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், தேவைப்பட்டால் அவர்களுக்கு உதவ வேண்டும். கூடி உழைப்பதைப் பற்றி நான் பேசிய அத்தனை பேச்சும் செய்யாததை அந்த இணைப்புகள் செய்துவிட்டன.

எழுத்தாளர்களைத் தேர்ந்தெடுத்தபோதே உற்சாகம் தொடங்கிவிட்டது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்தது ராயவரத்தில். வாண்டுமாமா என்று தமிழ்நாடே அறிந்த வி. கிருஷ்ணமூர்த்தி 1925-இல் பிறந்தது அரிமளத்தில். இரண்டும் எங்கள் மாவட்டத்து ஊர்கள், பக்கத்துப் பக்கத்து ஊர்கள்! "டீச்சர், அரிமளத்துல எங்க அத்தை வீடு இருக்கு" என்று ஒருவன் எழுந்தான். அந்த நிமிடத்திலிருந்து வாண்டுமாமா அவனுக்கு உறவுக்காரர் ஆகிவிட்டார்.

வள்ளியப்பா, வாண்டுமாமா, பெ. தூரன், கவிமணி ஆகியோருக்குத் தலா ஒரு குழு. இன்றைக்கு எழுதுகிறவர்களுக்கும், 2010 முதல் சாகித்திய அகாதெமி வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் விருதுக்கும் சேர்த்து இன்னொரு குழு. ஒவ்வொரு குழுவிலும் எழுதுகிறவர், சரிபார்க்கிறவர், படம் வரைகிறவர், தட்டச்சு செய்கிறவர், மற்ற குழுக்களோடு பேசி இணைப்புப் போடுகிறவர் என்று பொறுப்புகள். பாதி வழியில் பொறுப்புகளை மாற்றிக்கொண்டோம். வரைந்தவன் சரிபார்க்கவும், தட்டச்சு செய்தவள் எழுதவும் வந்தபோதுதான், பக்கத்தில் இருந்தவர் இத்தனை நாள் பட்ட பாடு அவர்களுக்குப் புரிந்தது.

இனி கோகுலம் என்ற சிறுவர் இதழால் வந்த சண்டையைச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சண்டை அது! வாண்டுமாமா குழு "கோகுலம் இதழின் ஆசிரியர்" என்று அவரைப் பற்றி எழுதியிருந்தது. வள்ளியப்பா குழுவும் அதே வரியைத் தங்கள் பக்கத்தில் எழுதியிருந்தது. இணைப்புப் போடப் போனவள் இரண்டையும் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "டீச்சர், ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு மோதுது!" நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு குழுவும் புத்தகங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தன. குரல் ஏறியது, இறங்கியது, கடைசியில் விடை கிடைத்தது. 1972-இல் கோகுலம் தொடங்கியபோது அதை நடத்தியவர் வாண்டுமாமா. இந்தியன் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அதன் கௌரவ ஆசிரியராக இருந்தவர் வள்ளியப்பா. இரண்டு பேர் சொன்னதும் சரி! இரு குழுவும் சேர்ந்து கோகுலத்துக்கென்று தனிப்பக்கம் ஒன்றை எழுதிவிட்டார்கள். நான் கேட்கவே இல்லை. தங்கள் பக்கம் மட்டும் நன்றாக இருந்தால் போதாது என்று அவர்களுக்கே தோன்றிவிட்டது.

வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும் மாணவி ஒருத்தி உண்டு. தோழிகளுக்கே சில நேரம் எரிச்சல் வரும். அவளைத் தலைமைச் சரிபார்ப்பாளர் ஆக்கினோம். ஒரு தகவல் இரண்டு இடங்களில் கிடைத்தால்தான் பக்கத்தில் ஏறும் என்பது அவள் போட்ட சட்டம். அவளைத் தாண்டி ஒரு வருடம்கூடத் தப்பாகப் போக முடியாது. விருதுப் பட்டியலில் 2019-ஆம் ஆண்டுக்கு நேரே தேவி நாச்சியப்பன் என்ற பெயர். அவர் வள்ளியப்பாவின் மகள் என்பதை இன்னொரு புத்தகத்திலும் பார்த்து உறுதி செய்துவிட்டு, அவள் வகுப்பு முழுவதும் கேட்கும்படி கத்தினாள். விருதுக் குழுவும் வள்ளியப்பா குழுவும் கைதட்டிக்கொண்டே அந்த இணைப்பைப் போட்டன. தகப்பன் பக்கத்திலிருந்து மகள் பக்கத்துக்கு ஒரே தொடுதல்!

தூரன் குழு கொண்டுவந்தது பெரிய பாடம். அவரை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ்க் கலைக்களஞ்சியம் 10 தொகுதிகளாக வந்தது. அதன் பிறகு குழந்தைகளுக்கென்றே இன்னொரு கலைக்களஞ்சியம், அதுவும் 10 தொகுதி, 1968 தொடங்கி 1976 வரை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றைத் திரையில் புரட்டிப் பார்த்தோம். "இதை ஒரே ஆளு எழுதலையாம் டீச்சர். துறைக்குத் துறை வேற வேற ஆளுங்க. அவரு நம்ம மாதிரி எல்லாரையும் சேர்த்து வேலை வாங்கியிருக்காரு!" என்றான் ஒரு பையன். நம்ம மாதிரி என்று அவன் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிலிர்த்துவிட்டது. வள்ளியப்பாவும் தனியாக எழுதிவிட்டுப் போனவர் இல்லை. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர். சிறுவர் இலக்கியத்தில் எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஓர் இதழோ, ஒரு சங்கமோ, கூடி உழைத்த ஒரு கூட்டமோ இருக்கிறது. கூட்டு வேலை கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பொருள் வேறு என்ன இருக்க முடியும்?

கவிமணி குழுவால் காப்புரிமையைக் கணக்குப் பாடம் மாதிரிப் போட்டோம். நம் நாட்டுச் சட்டப்படி, எழுதியவர் காலமான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. கவிமணி மறைந்தது 1954. ஆகவே 2014 முடிந்ததும் அவர் பாடல்கள் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டன. பிள்ளைகளே பாடிப் பதிவுசெய்து தளத்தில் ஏற்றினார்கள். வள்ளியப்பா மறைந்தது 1989. அப்படியானால் 2049 முடியும்வரை பொறுக்க வேண்டும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். அவர் பாடல்களை அப்படியே எடுத்துப் போடாமல், படித்துவிட்டுத் தங்களுக்குத் தோன்றியதைத் தங்கள் சொல்லில் எழுதினார்கள், தாங்களே படம் வரைந்தார்கள். பிறர் உழைப்பை மதிக்க வேண்டும் என்பதை அவர்கள் பிடித்துக்கொண்ட விதம் எனக்குப் பெருமையாக இருந்தது.

தட்டச்சும் கூட்டு வேலையாகவே நடந்தது. ஹைடெக் லேப்பில் தமிழ்99 விசைப்பலகை பழகினோம். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் "அம்மா" வந்து நிற்கும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்! ஒருவர் வாசிக்க ஒருவர் தட்ட வேண்டும் என்று ஜோடி போட்டேன். வேகமாகத் தட்டத் தெரிந்த பிள்ளைகள், கேட்காமலே அடுத்த மேசைக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வீடுகளும் இதில் கலந்துகொண்டன. ஒரு மாணவியின் தாத்தா, பழைய பூந்தளிர் இதழ்களைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். அவற்றின் படக்கதைகளில் வந்த கபீஷும் வேட்டைக்கார வேம்புவும் மறுபடி எங்கள் வகுப்பில் உயிர் பெற்றார்கள். ஞானாலயா நூலகத்துக்குப் போனபோது, 1940-களில் புதுக்கோட்டையிலிருந்தே சிறுவர் இதழ்கள் வெளிவந்ததைத் தெரிந்துகொண்டு பிள்ளைகள் பூரித்துப்போனார்கள். இன்றைய எழுத்தாளர்களைப் படித்த குழுவும் சளைக்கவில்லை. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யைப் படித்துவிட்டு, அதில் வரும் கீழடி பற்றி வரலாற்று ஆசிரியரைத் துளைத்தெடுத்தார்கள்.

ஆசிரிய நண்பர்களே, தயவுசெய்து இதை உங்கள் வகுப்பில் செய்துபாருங்கள்! கூகுள் சைட்ஸ் போதும், காசு செலவில்லை, நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளின் பெயரும் படமும் வெளியே தெரியாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர்களை உங்கள் பக்கத்திலேயே தேடுங்கள். ஈரோட்டுப் பிள்ளைகளுக்குத் தூரன் இருக்கிறார், குமரிப் பிள்ளைகளுக்குக் கவிமணி, கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு உதயசங்கர், கடலூர்ப் பிள்ளைகளுக்கு ஆயிஷா நடராசன். பக்கங்களைப் பிரித்துக் கொடுக்கும்போதே, ஒரு குழுவின் பக்கம் இன்னொரு குழுவின் பக்கத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று அமைத்துவிடுங்கள். மற்றதையெல்லாம் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிப் பார்த்துக்கொள்வார்கள். என் வகுப்பு அப்படித்தான் பார்த்துக்கொண்டது!