தயிர் சேவை

புழுங்கலரிசிச் சேவையை ஆறவைத்துத் தயிரில் கலந்தால் தயிர் சேவை. பட்டு நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஆரணியில் இதற்கான அரிசிக்குப் பஞ்சமில்லை.

அரிசியை 4 மணி நேரம் ஊறவைத்து, உப்புச் சேர்த்து மைய அரைக்க வேண்டும். மாவை இட்லித் தட்டில் வேகவைத்து, ஆவி பறக்கும்போதே நாழியில் இட்டுப் பிழிய வேண்டும். பக்குவம் முழுதும் இந்தச் சில நிமிடங்களில்தான். சூடு இருக்கும்வரை மாவு இளகி, அறுபடாத இழையாக இறங்கும். ஆறினால் இறுகிக்கொள்ளும், இழை துண்டு துண்டாக உதிரும், பிழிகிறவர் தோளும் வலிக்கும். பிழிந்தபின் அதே இறுக்கம்தான் நன்மை: மாவுச்சத்து கெட்டிப்பட்டு, இழைகள் தயிரிலும் குழையாமல் தனித்து நிற்கும்.

நன்றாக ஆறிய பிறகே புளிக்காத தயிரும் சிறிது பாலும் சேர்க்க வேண்டும். சூட்டில் தயிர் திரிந்துவிடும். கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டலாம்.

கடற்பாசிக்கும் இதில் இடமுண்டு. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி ஆகியவற்றிலிருந்து அகர் அகர் கிடைக்கிறது. தமிழ் வீடுகளில் அது பெரும்பாலும் நோன்புக்கால இனிப்பு. கொதிநிலையை நெருங்கும் சூட்டில்தான் உருகும் என்பதால், குளிர்ந்த நீரில் ஊறிய அகர் இழை கரையாமல் மென்மையாகும். சீனாவில் அதைப் பச்சடியாகவே உண்கிறார்கள். அரை விரல் நீளத்தில் நறுக்கி ஒரு கைப்பிடி சேர்த்தால், சேவையின் மென்மைக்கு எதிரே நறுக்கென்று கடிபடும்.

ஆரணிப் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு இதைவிட இதமான பகலுணவு அரிது. தயிர் புளிக்குமுன், அன்றே உண்டுவிட வேண்டும்.