செவிலிக்குக் கட்டிய வீடு

ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை விடுதியில் ஓரிரவு தங்க வாய்த்தது. பளிங்கையும் மயில்களையும் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தை ஒரு பிரதியாக வாசித்தால், அதன் முதல் வரியில் இருப்பவள் அரசி அல்ல, ஒரு பணிப்பெண்.

1835இல் அங்கே முதலில் எழுந்தது கேசர் படாரண் என்பவளுக்கான தோட்ட வீடு. இரண்டாம் ராம்சிங்குக்குப் பாலூட்டிய செவிலி அவள் என்கிறார்கள். அரசியின் அணுக்கத் தோழி என்பாரும் உண்டு. ‘படாரண்’ என்பது அந்தப்புரப் பணிப்பெண்களில் உயர்நிலையில் இருந்தவர்களைக் குறிக்கும் சொல். ஆக, அவள் பெயரிலேயே பாதி வேலையின் பெயர். பிறகு அந்த வீடு அரச குடும்பத்தின் வேட்டை மாளிகையாயிற்று, 1925இல் இரண்டாம் மான்சிங்கின் உறைவிடமாயிற்று, 1957இல் விடுதியாயிற்று.

இன்று விருந்தினரை ஈர்ப்பது மான்சிங்கின் மூன்றாம் மனைவி காயத்ரி தேவியின் காலம். அவரை வெறும் அழகுப் பதுமையாகக் கடந்துவிட முடியாது. பர்தா முறை நிலவிய அந்தக் குடும்பத்துக்கு வந்து, 1943இல் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியவர். 1962இல் மக்களவைத் தேர்தலில் வென்றவர். நெருக்கடி நிலைக் காலத்தில் திகார் சிறையில் இருந்தவர். அரண்மனையை விடுதியாக்கும் முடிவைக் கணவர் எடுத்தார். இவருக்கு அதில் உவப்பில்லை. தான் வாழ்ந்த வீட்டின்மீது மகாராணிக்கும் அவ்வளவுதான் உரிமை. ஆனாலும் தன் கதையைச் சொல்ல அவருக்கு 1976இல் ஒரு தன்வரலாற்று நூல் வாய்த்தது.

கேசருக்கு என்ன வாய்த்தது? சங்க அகப்பாடல்களில் செவிலிக்குப் பெயர் கிடையாது, கூற்று உண்டு. உடன்போன மகளைத் தேடிப் பாலை வழியில் நடக்கிறாள், எதிர்ப்பட்டவர்களிடம் கேட்கிறாள், புலம்புகிறாள். கேசருக்கோ பெயர் இருக்கிறது, கூற்று இல்லை. பாலூட்டியவள் என்றால் அவளும் ஒரு பிள்ளை பெற்றிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை யார் பாலைக் குடித்து வளர்ந்தது என்ற கேள்வி அரண்மனைக் கதைகளுக்குள் வருவதில்லை. ‘வீடு கட்டிக் கொடுத்தார்களே’ என்பவர்கள் உண்டு. அவளுக்குப் பின் அந்த வீடு அரண்மனைக்கே திரும்பிவிட்டது.

அரண்மனை விடுதிகள் ஓரிரவுக்கு நம்மை அரசியாக்குவதாக அழைக்கின்றன. அரசி இருக்கும் இடத்தில் ஏவலுக்கும் ஆள் இருந்தாக வேண்டும். என் அறைக்குத் துண்டு கொண்டுவந்த பெண்ணின் சட்டையில் பெயர்ப்பட்டை இருந்தது. அங்கும் பெயர்தான் நமக்குக் கிடைக்கிறது, கூற்று கிடைப்பதில்லை.

அரண்மனைகளைப் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவியரிடம் நான் சொல்வது இது: அரசியின் ஓவியத்தோடு நின்றுவிடாதீர்கள். ஜெய்ப்பூர் அரசின் பழைய பதிவேடுகள் பிகானேரில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பணிப்பெண்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது, எப்போது திரும்பப் பெறப்பட்டது என்று அங்கே தேடத் தொடங்குங்கள்.