விடை முதலில்

கொரோனா காலத் தொலைக்காட்சிப் பேட்டிகளில் நான் ரசித்தது, வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் பல்லாண்டு ஆய்வு செய்த ககன்தீப் காங்கின் பேச்சு. 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வானவர். பேச்சிலோ மேதாவித்தனம் துளியும் இல்லை. முதலில் விடை, பிறகு காரணம், தெரியாததற்குத் ‘தெரியாது’.

வகுப்பில் ஒரு மணி நேரம் பேசிப் பழகிய பேராசிரியர்களுக்குப் பேட்டியில் இப்படிப் பேசுவது எளிதல்ல. அவர்கள் முன்னுரையை முடிப்பதற்குள் நெறியாளர் விளம்பர இடைவேளைக்குப் போய்விடுவார்! வானொலியில் இன்னும் சிரமம். கரும்பலகையும் கிடையாது, கையசைவும் உதவாது.

ஆனால் பழகினால் வரும். சக ஆசிரியர் ஒருவர் குறுக்குக்கேள்வி கேட்கட்டும். பதிலைக் கைபேசியில் பதிவு செய்து போட்டுக் கேட்டாலே பாதிக் குறை தெரிந்துவிடும். இப்படிப் பழகி, பாலாற்றில் கலக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி ஆம்பூர்த் தொழிலாளிக்குப் புரியும்படி சொல்லும் பேராசிரியர்கள் நமக்கு வேண்டும். பல்கலைக்கழகங்கள் இந்தப் பயிற்சிக்கென ஆண்டுக்கு ஒரு நாளாவது ஒதுக்கட்டும்.