மேற்கோள் எண்ணலும் ஆராய்ச்சிப் போக்கும்

ஒரு துறையில் ஆராய்ச்சி எவ்வழிச் செல்கின்றதென அறிதற்கு, அத்துறையில் வெளிவந்த கட்டுரைகளை ஆண்டுதோறும் எண்ணி, ஒன்றையொன்று மேற்கோளாக எடுத்தாண்ட தொகையையும், திறவுச்சொற்கள் பெருகியுங் குறைந்தும் வரும் நிலையையுங் கணக்கிட்டு முடிபு கூறும் முறை இக்காலத்துப் பெருவழக்காயிற்று. இதனை நூலளவையியல் என்ப. அளவை யென்னுஞ் சொல் சித்தாந்த நூல் பயில்வார்க்குப் புதியதன்று. எண்ணல், முகத்தல் முதலியவற்றையேயன்றிக் காட்சி, கருதல், உரை என்னும் அறிவளவைகளையும் அது குறிக்கும். நூலளவையியலார் செய்வது எண்ணல் மாத்திரையோ, அன்றிக் கருதலளவையோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கட்டுரைகள் இத்துணை என்பது காட்சியாற் பெறப்படும். அதனால் அத்துறை வளர்கின்றது என்றல் கருதல். புகையைக் கண்டு தீயுண்மை துணிவார்க்குப் புகைக்குந் தீக்கும் விட்டு நீங்காத் தொடர்புண்மை முன்னரே அறியப்பட்டிருத்தல் வேண்டும். அங்ஙனமே, மேற்கோட் பெருக்கத்தைக் கண்டு கருத்தின் சிறப்பைத் துணிவாரும் அவ்விரண்டற்கும் அத்தகைய தொடர்புண்மையை முதற்கண் நிறுவுதல் வேண்டும். நிறுவாது மேற்செல்வாரே பலர்.

இம்முறையின் வரலாறு சுருங்க உரைத்தற்குரியது. 1917 ஆம் ஆண்டிற் கோல், ஈல்ஸ் என்னும் இருவர், 1543 முதல் 1860 வரை வெளிவந்த உடற்கூற்று நூல்களை எண்ணி, அத்துறையின் ஏற்றத்தாழ்வுகளை வரைபடத்திற் காட்டினர். 1948 இல், இங்கிலாந்திலுள்ள லீமிங்டன் ஸ்பா என்னும் ஊரிற் கூடிய நூலகத்தார் பேரவையில், சீ. இரா. ரங்கநாதன் 'லைப்ரமெட்ரி' என்னும் பெயரை முன்மொழிந்தார். ஞானசம்பந்தர் அவதரித்த சீகாழியில் 1892 இற் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924 இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் தலைமையேற்றவர் அவர். கணிதம் வல்லார் ஒருவர் நூலகம் புகுந்தமையின், எண்ணும் எழுத்தும் ஆண்டுக் கூடின. 'பிப்லியோமெட்ரிக்ஸ்' என்னும் பெயரைப் பிரிச்சார்டு என்பார் 1969 இல் வழங்கினார். அதற்கு முன்னரே, கார்பீல்டு என்பார் அமெரிக்க நாட்டிற் சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ் என்னும் மேற்கோட் சுட்டியைத் தொகுத்து விற்பனை செய்யத் தொடங்கிவிட்டார். ரங்கநாதனார்க்கு எண்ணல் படிப்பாரின் பொருட்டாயிற்று. பின்னையோர்க்கு அஃது எழுதுவாரை நிறுத்துப் பார்க்குந் துலாக்கோலாயிற்று. இம்மாற்றம் சிறிதன்று.

இனி, இம்முறை பொருந்துமிடமும் பொருந்தாவிடமும் ஓரூரை வைத்து நோக்குதல் நன்று. திருச்சிராப்பள்ளியினின்று தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில், திருவெறும்பூருக்கு அப்பால் உள்ளது துவாக்குடி. ஆண்டு 1964 இல் வட்டாரப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றியது, 2003 இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. அணித்தே பெல் எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையும், அதனைச் சார்ந்து 1975 இல் எழுந்த பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும், அத்தொழிற்சாலைக்கு வேண்டுவன செய்துதவுஞ் சிறு பட்டறைகளும் உள்ளன. உலோகத்தை உலோகத்தோடு இணைக்கும் அறிவு செழித்த நிலம் அது.

அத்துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வாம். உலோகத்தை உருக்காது, சுழலுங் கருவியின் உராய்வால் இளக்கிக் கலந்து இணைக்கும் 'பிரிக்ஷன் ஸ்டிர் வெல்டிங்' என்னும் முறை 1991 இல் இங்கிலாந்திற் காணப்பட்டது. அப்பெயரைத் தாங்கிய கட்டுரைகளை ஆண்டுவாரியாக எண்ணினால், அம்முறையின் பிறப்பும் பரவலும் பிழையின்றி விளங்கும். என்னை? சொல்லும் பொருளும் உடன்றோன்றினமையின். 'டீப் லேர்னிங்' என்னுஞ் சொல்லோ அத்தன்மைத்தன்று. நரம்பணுவை ஒத்த கணக்குப் பின்னலை மக்கலக், பிட்ஸ் என்பார் 1943 லேயே வகுத்தனர். அதன் பயிற்சிமுறை 1986 இல் விளக்கம் பெற்றது. அச்சொல் பரவியதோ 2006 க்குப் பின்னரே. சொல்லை மாத்திரம் எண்ணுவார்க்கு, அறுபதாண்டு வளர்ந்த மரம் ஒருநாளில் முளைத்ததாகத் தோன்றும். பெயர் மாற்றத்தைப் பொருள் மாற்றமெனக் கோடல் போலி ஏதுவின்பாற் படும்.

இஃதன்றிக் குன்றக் கூறலும் உண்டு. எண்ணப்படுவன ஸ்கோப்பஸ், வெப் ஆப் சயன்ஸ் முதலிய சுட்டிகளிற் புகுந்த கட்டுரைகளே. கொதிகலன் குழாயின் இணைப்பு ஏன் வெடித்ததென ஆராய்ந்து ஒரு பொறியாளர் எழுதும் அறிக்கை அலமாரியிற் கிடக்கும், சுட்டியிற் புகாது. தமிழில் எழுதப்படும் ஆராய்ச்சியும் பெரும்பாலும் அவ்வாறே.

மிகைபடக் கூறலும் உண்டு. மேற்கோள் அனைத்தும் உடன்பாட்டுமேற்கோள் அல்ல. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் உலோகாயதன் முதலாப் பதினான்கு மதத்தார் கொள்கைகளை எடுத்து விரித்தது அவற்றை மறுத்தற்பொருட்டு. தொகையொன்றே நோக்குங் கணிப்பொறி, உலோகாயதத்தைச் சித்தாந்தியார் பெரிதும் போற்றினர் என்றே முடிபு செய்யும்!

அற்றேல், ஆயிரக்கணக்கிற் றிரட்டுமிடத்து இப்பிழைகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும் எனின், அஃதன்று. இருபக்கமுஞ் சிதறும் பிழைகளே திரட்சியால் நீங்குவன. ஒருபக்கமே சாய்ந்த பிழை திரட்டத் திரட்டப் பெருகும். தமிழ்க் கட்டுரையும் தொழிற்சாலை அறிக்கையும் விடுபடுதல் ஒருபக்கச் சாய்வு. பத்தாயிரம் எண்ணினும் அது நிமிராது.

இத்துணையும் அறிவுப் பிழையே. செயலில் விளையும் பிழை அதனினும் பெரிது. இந்திய அரசினர் 2016 முதல் வெளியிட்டுவருந் தரவரிசையிற் கட்டுரைத் தொகையும் மேற்கோட்டொகையும் மதிப்பெண்ணாகக் கொள்ளப்படுகின்றன. அவ்வரிசையிற் பொறியியற்பகுதியில், 2016 முதல் 2024 வரை, தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுள் துவாக்குடிக் கழகமே முதலிடம் பெற்றது. அது பெருமையே. ஆயினும், போக்கினைக் காட்டுதற்கு அமைந்த கருவி பரிசிலுக்குரிய அளவுகோலாகியவிடத்துப் போக்கினைத் தானே ஆக்கத் தொடங்கும். அதன்பின் எண்ணுவார் காண்பது ஆராய்ச்சியின் இயல்பான செலவையோ, மதிப்பெண்ணை நாடிய செலவையோ எனப் பிரித்தறிதல் அரிது.

ஹிர்ஷ் என்பார் 2005 இல் வகுத்த எண்ணும் இவ்வாறே. பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து மேற்கோளேனும் பெற்றிருப்பின் ஒருவர்க்கு அவ்வெண் பத்தாகும். பன்னிரு சூத்திரமாகிய சிவஞானபோதம் ஒன்றே அருளிய மெய்கண்டார்க்கு, உரைகளும் வழிநூல்களும் எத்துணை எழினும் அவ்வெண் ஒன்றினைத் தாண்டாது. இஃது ஆசிரியர் குறையன்று.

எண்ணலை விடுக என்பது கருத்தன்று. ஒரு துறையிற் புதிதாகப் புகும் மாணவர்க்கு, உடன் மேற்கோளாக வருங் கட்டுரைகளை ஒருங்கு தொகுத்து, 'இவற்றை முதற்கட் படிக்க' எனக் காட்டுதற்கு இம்முறையிற் சிறந்தது வேறில்லை. ஆயின் எண்ணுதற்கு முன் வேண்டுவது அடைவு. ஜான் மர்டாக் என்பார் 1865 இற் சென்னையில் அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வகையாற் பகுத்து அட்டவணை ஒன்று வெளியிட்டார். 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நூற்பதிவு கட்டாயமாயிற்று. தமிழ் அச்சு நூல்களின் போக்கினை அக்காலந்தொட்டு ஓரளவேனும் எண்ணி அறிதற்கு இடமுண்டாயது இவற்றானே. பற்றவைப்புக் கூடங்களில் அலமாரியிற் கிடக்கும் அறிக்கைகட்கு அத்தகைய அட்டவணையொன்று அமைப்பின், துவாக்குடியின் ஆராய்ச்சி வரலாறு சுட்டிகள் காட்டும் வடிவினின்றும் பெரிதும் வேறுபடக்கூடும்.